அருஞ்சொல் நோட்டா, கதைப் புத்தகமா, அட்டைப் பெட்டியா?

ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஆங்கிலம் எடுக்கும் நாங்கள் ஒவ்வொரு ஜூனிலும் ஒரு முடிவு எடுக்கிறோம், பல நேரம் எடுக்கிறோம் என்று தெரியாமலே. பிள்ளைகளுக்குப் புதுச் சொற்களை எந்த வழியில் கொடுப்பது? யோசிக்க நேரம் கிடைக்காத வருடத்தில் போன வருட வழியே தொடரும்: பாடம் தொடங்கும் அன்று கரும்பலகையில் இருபது சொல், எதிரே பொருள், நோட்டில் எழுதிக்கொள், நாளைக்கு டிக்டேஷன், தப்பினால் இம்போசிஷன்.

குமரி மாவட்டத்தில் இந்தச் சிக்கல் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது. மயிலாடியிலும் நாகர்கோவிலிலும் லண்டன் மிஷன்காரர்கள் பள்ளிக்கூடம் தொடங்கி இருநூறு வருடம் தாண்டிவிட்டது. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடம் நமக்குத்தான். அதனால் ஏழாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலர் ஆங்கிலப் பத்தி ஒன்றை நிற்காமல் வாசித்துவிடுவார்கள். உச்சரிப்பும் பரவாயில்லை. வாசித்து முடித்ததும் "மக்களே, இதுல என்ன சொல்லியிருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பு மொத்தமும் தரையைப் பார்க்கும். எழுத்துக் கூட்டவே தடுமாறும் வகுப்புகளுக்கென்று சொல்லப்படும் ஆலோசனைகள் இங்கே அப்படியே பொருந்தாமல் போவது இதனால்தான். நம் பிள்ளைகளுக்குக் குறைவது சொல் இருப்பு.

நம் பள்ளிகளிலும் மார்த்தாண்டம், கருங்கல், தக்கலை டியூஷன் சென்டர்களிலும் புழங்குகிற வழிகளை எடுத்துக்கொள்வோம். அருஞ்சொல் நோட்டு, கதைப் புத்தகம், சொல் எழுதிய அட்டைகளைப் போட்டுவைக்கும் அட்டைப் பெட்டி, முன்னொட்டு பின்னொட்டுப் பாடம், அப்புறம் தினம் ஒரு சொல், செல்போன் செயலி போன்ற சில்லறை வழிகள். எல்லாவற்றையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன். முதல்முறை அந்தச் சொல்லை எவ்வளவு அழகாக அறிமுகம் செய்தோம் என்பதை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு அது அந்தப் பிள்ளையிடம் எத்தனை தடவை திரும்பி வருகிறது?

இந்தக் கேள்வி பழையது. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி மெதுவாக, சீராக வருவதில்லை. படித்த முதல் நாளிலேயே பெரும் பகுதி போய்விடும், மிச்சம் மெல்ல மெல்லத் தேயும். ஆக, செவ்வாய்க்கிழமை எழுதிப்போட்ட இருபது சொல்லை அடுத்த நாள் டிக்டேஷனோடு மூடிவிட்டால் அரைப் பரீட்சை நேரத்தில் அவை எங்கே இருக்கும் என்று கணக்குப் போட வேண்டியதில்லை.

நோட்டும் மனப்பாடமும்

முதலில் நோட்டுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் 100 மதிப்பெண். அதில் ஒரு மார்க் கேள்வி 14. அவற்றில் முதல் மூன்று சினானிம் (ஒத்த பொருள்), அடுத்த மூன்று ஆன்டனிம் (எதிர்ப்பொருள்). தேர்ச்சிக்கு 35 வேண்டிய இடத்தில் ஆறு மார்க் என்பது மெல்லக் கற்போர் பட்டியலில் இருக்கும் பிள்ளைக்குச் சின்ன விஷயம் இல்லை. பாடநூலில் உள்ள சொற்களை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தால் அந்த ஆறில் நாலாவது தேறும். செலவு கிடையாது. பெற்றோர் கண்ணுக்கும் தெரியும். நோட்டு நிறைந்திருந்தால் பள்ளிக்கூடத்தில் ஏதோ நடக்கிறது என்று ஒரு நிம்மதி.

தமிழில் பொருள் எழுதவிடுவதையும் நான் குறை சொல்ல மாட்டேன். தமிழ் பேசினால் அபராதம் போடும் ஆங்கிலவழிப் பள்ளிகளில் ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே விளக்கம் எழுதச் சொல்கிறார்கள். புரியாத ஒன்றுக்குப் புரியாத ஐந்து சொற்களில் விளக்கம். பிள்ளை இரண்டையும் சேர்த்து மனப்பாடம் செய்துகொண்டு போகும். தெரிந்த மொழியில் சட்டென்று பொருள் கிடைத்தால் மிச்ச நேரத்தை அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதற்குச் செலவிடலாம். விளவங்கோடு பக்கம் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் மலையாளத்தில் பொருள் எழுதினாலும் சரிதான்.

நோட்டின் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்று, வரிசை. பட்டியலில் ஏழாவது சொல் எது என்று பிள்ளைக்குத் தெரியும், எட்டாவதும் தெரியும். வரிசையைக் கலைத்துக் கேட்டால் திணறும். மனப்பாடம் ஆனது சொல்லும் பொருளுமா, இல்லை அந்தப் பக்கத்தின் அமைப்பா என்பதே சந்தேகம்.

இன்னொன்று, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம். நாம் சினானிமையும் ஆன்டனிமையும் ஒரே நாளில், ஒரே வரியில் எழுதிப்போடுகிறோம். நடுவில் சொல், இடப்பக்கம் ஒத்த பொருள், வலப்பக்கம் எதிர்ப்பொருள். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் பொருளால் நெருங்கிய புதுச் சொற்களைக் கூட்டமாகக் கொடுத்தால் கற்பது தாமதமாகிறது, ஒன்றோடொன்று குழம்புகிறது என்று 1990களிலேயே டிங்கம் என்ற ஆய்வாளர் சோதித்துக் காட்டிவிட்டார். வகுப்பில் இதைத் தினமும் பார்க்கலாம். 'என்கரேஜ்', 'டிஸ்கரேஜ்' மாதிரி உருவத்திலேயே வேறுபாடு தெரிகிற ஜோடி தப்பிக்கும். 'ஏன்ஷியன்ட்', 'மாடர்ன்' இரண்டும் புதிது என்றால், எது பழையது எது புதியது என்று பரீட்சையில் மாறிவிடும். இரண்டும் ஒரே நாளில் வந்தவை, ஒரே வரியில் உட்கார்ந்தவை என்பது மட்டும் நினைவில் நிற்கும். ஒன்றை இந்த வாரம் கொடுத்து, அது ஊன்றிய பிறகு அடுத்ததைக் கொடுத்தால் இந்தக் குழப்பம் பாதியாவது குறையும். நோட்டை விட மாட்டேன் என்பவர்கள் இந்த ஒன்றையாவது மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவது, எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது. அருஞ்சொல் பட்டியல் என்றால் பெயருக்கேற்ப அரிய சொற்கள்தான் அதில் ஏறும். வாக்கியத்தின் போக்கைத் தீர்மானிக்கும் சின்னச் சொற்களை யாரும் அருஞ்சொல்லாக நினைப்பதில்லை. எட்டாம் வகுப்பில் 'அன்லெஸ் இட் ரெயின்ஸ், வி வில் ப்ளே' என்று எழுதிப் பொருள் கேளுங்கள். "மழை பெஞ்சா விளையாடுவோம் சாரே" என்று கணீரென்று பதில் வரும். ரெயின் தெரியும், ப்ளே தெரியும், முதல் சொல்லை மட்டும் விழுங்கிவிட்டார்கள். ஆல்தோ, டிஸ்பைட், இன்ஸ்டெட், அன்டில், ஹார்ட்லி இவையெல்லாம் இதே வகை. ஓர் அரிய பெயர்ச்சொல் தெரியாவிட்டால் ஓரிடம் மங்கலாகும், அவ்வளவுதான். இவை தெரியாவிட்டால் வாக்கியமே தலைகீழாகிவிடும். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தச் சின்னச் சொற்களுக்கு முதல் இடம் கொடுக்க வேண்டும் என்பேன்.

கதைப் புத்தகம்

"நிறைய வாசிக்கச் சொல்லுங்க, சொல் தானா வரும்." பெற்றோர் கூட்டத்தில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார். நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவர்களில் பலர் அப்படித்தான் கற்றார்கள் என்பதும் உண்மை. வாசிப்பில் சொல் திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் வேறு வேறு வாக்கியத்தில் வருகிறது. என் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான விடை இல்லை என்று தோன்றும்.

ஆனால் அதற்கு நுழைவுக் கட்டணம் இருக்கிறது. சொல் கற்றல் பற்றிய ஆய்வில் நியூசிலாந்தின் பால் நேஷன் பெரிய பெயர். யார் உதவியும் இல்லாமல் ஒரு கதையை வாசித்துப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் சுமார் 98 சதவீதம் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று 2000இல் அவரும் ஹூ என்பவரும் சேர்ந்து செய்த ஆய்வு சொல்கிறது. பக்கத்துக்கு 250 சொல் என்று வைத்துக்கொண்டால் தெரியாத சொல் ஐந்து இருக்கலாம். 90 சதவீதம் தெரிந்த பிள்ளைக்கு அதே பக்கத்தில் இருபத்தைந்து. வரிக்கு ஒன்று! எவன் வாசிப்பான்? சாதாரண ஆங்கில நாவலுக்கு அந்த 98 சதவீதத்தை எட்ட எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் (ஓர் அடிச்சொல்லும் அதிலிருந்து வரும் வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்) வேண்டும் என்றும் 2006இல் அவர் கணக்கிட்டார். நம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அதில் ஒரு பகுதிதான் இருக்கும்.

சூழலை வைத்துப் பொருளை ஊகிக்கலாமே என்றால், ஊகிக்கலாம். ஒருமுறை கண்டதும் நிலைத்துவிடாது. தாய்மொழியாக ஆங்கிலம் பேசும் அமெரிக்க மாணவர்களை வைத்து நேகியும் கூட்டாளிகளும் 1980களில் பார்த்தபோதே, ஒரே சந்திப்பில் ஒரு சொல்லைக் கற்கும் வாய்ப்பு குறைவாகத்தான் இருந்தது. அங்கே பிள்ளைகள் வருடத்துக்கு லட்சக்கணக்கில் சொற்களை வாசிப்பதால் குறைவான வாய்ப்பும் கூடிக்கூடிப் பெரிதாகிவிடுகிறது. நம் பிள்ளை ஆங்கிலத்தில் வாசிப்பது பாடநூலும் கைடும்தான்.

இந்தச் சிக்கலை நூறு வருடம் முன்பே நம் துணைக்கண்டத்தில் ஒருவர் கையாண்டார். மைக்கேல் வெஸ்ட் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோது, வங்காளப் பிள்ளைகள் வாசிக்கத் தொடங்கியதும் தெரியாத சொற்களில் முட்டி நிற்பதைக் கண்டார். கதைகளை எளிய சொற்களில் திரும்ப எழுதினார்; புதுச் சொற்களை இடைவெளிவிட்டுக் கொண்டுவந்து, வந்த சொல்லைத் திரும்பத் திரும்ப வரவைத்தார். பிறகு 1953இல் அவர் வெளியிட்ட சுமார் இரண்டாயிரம் பொதுச் சொற்களின் பட்டியல் இன்றும் பேசப்படுகிறது. படிநிலைப்படுத்திய வாசிப்பு நூல்கள் என்று இன்று விற்பவை எல்லாம் அந்த வழியில் வந்தவை.

ஆகவே கதைப் புத்தகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளையின் வகுப்புக்கு ஏற்ற புத்தகம் என்று பார்க்காமல், அந்தப் பிள்ளையின் சொல்லுக்கு ஏற்றதாகப் பார்த்துக் கொடுங்கள். ஒன்பதாம் வகுப்புக்காரனுக்கு மூன்றாம் நிலைக் கதை என்றாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை, அட்டையை மட்டும் செய்தித்தாள் போட்டு மூடிக்கொடுங்கள். பிரதம் புக்ஸ் என்ற குழந்தைகள் நூல் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் நிலை வாரியாகக் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் உண்டு. ஹைடெக் லேப் இருக்கும் பள்ளியில் திரையில் போட்டே வாசிக்கலாம். ஆங்கில நாளிதழை எட்டாம் வகுப்பில் கட்டாயமாக்குவதை மட்டும் விட்டுவிடலாம். அதில் அவர்களுக்கு ஓடுவது விளையாட்டுப் பக்கம், அதுவும் கிரிக்கெட் ஸ்கோர்.

அட்டைப் பெட்டி

ஜெர்மன் மொழியில் எழுதிய செபாஸ்டியன் லைட்னர் 1972இல் இதைப் பிரபலமாக்கினார். விதி எளிது. சொற்கள் அட்டைகளில் இருக்கும், அட்டைகள் அறைகள் பிரித்த பெட்டியில் இருக்கும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தப்பினால் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையை அடிக்கடி பார்க்க வேண்டும், அடுத்ததைக் கொஞ்சம் இடைவெளிவிட்டு, கடைசி அறையை எப்போதாவது. தெரிந்த சொல்லில் நேரம் வீணாகாது, தெரியாத சொல் விடாமல் துரத்தும்.

நம் வகுப்புக்கு இதை இப்படிச் சுருக்கிக்கொள்ளலாம். செருப்புப் பெட்டி ஒன்று, உள்ளே இரண்டு தடுப்பு, மூன்று அறை. அட்டைக்குக் காசு வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகைகள் எல்லா வீட்டிலும் கிடக்கும், அச்சில்லாத பக்கத்தை நாலாக வெட்டினால் நல்ல கெட்டி அட்டை. முன்பக்கம் வெறும் சொல்லாக எழுதக் கூடாது. 'தி பாய் வாஸ் ரிலக்டன்ட் டு கெட் இன்டு தி போட்' என்று முழு வாக்கியம் எழுதி, ரிலக்டன்டின் கீழே கோடு. பின்பக்கம் 'தயங்குகிற, மனசில்லாத' என்று பிள்ளையின் வார்த்தையில் பொருள். குளச்சல் பக்கத்துப் பிள்ளை என்றால் வாக்கியத்தில் படகு வரட்டும், குலசேகரம் பக்கம் என்றால் ரப்பர்த் தோட்டம் வரட்டும். சொந்த வாக்கியம் எழுதத் தெரியாதவர்கள் பாடநூல் வாக்கியத்தையே எடுக்கலாம்.

வாரத்துக்கு எட்டுச் சொல் போதும். அதிகம் கொடுக்கத்தான் கை பரபரக்கும். முப்பது வாரம் ஓடினால் 240 சொல். ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரை இதே மாதிரி போனால் 1200. நோட்டில் ஐந்து வருடத்தில் எழுதுவது இதைப் போலப் பல மடங்கு இருக்கும், கையில் நிற்பது எவ்வளவு என்பதுதான் கேள்வி.

திங்கள், வியாழன் பிரிவேளையில் கடைசிப் பத்து நிமிடம். இருவர் இருவராக உட்கார்ந்து மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். சத்தம் வரும், வரட்டும். "சாரே, அவன் சொல்லிக் குடுக்கான்" என்று புகார் வரும். அட்டையைக் காட்டாமல் பின்பக்கத்தைப் படித்து ஆங்கிலச் சொல்லைக் கேட்கச் சொன்னால் ஏமாற்றுவது கொஞ்சம் குறையும், சோதனையும் கடினமாகும். இதில் முக்கியமானது அந்த யோசிக்கும் நொடி. திரும்ப வாசிப்பதைவிட, பாராமல் நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதே நாள்பட நிற்கிறது என்று ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் சோதனை செய்து காட்டினார்கள். நோட்டை விரித்துவைத்து முணுமுணுக்கும் பிள்ளைக்கு அந்த நொடி கிடைப்பதே இல்லை, விடை எதிரிலேயே இருக்கிறதே.

பெட்டியை வீட்டுக்கு அனுப்பாமல் வகுப்பு அலமாரியிலேயே வைத்துக்கொள்வதுதான் நல்லது. அம்மா அண்டி ஆபீசிலிருந்து (முந்திரித் தொழிற்சாலை) களைத்து வருவார், அப்பா ஆழ்கடலில் இருப்பார் அல்லது கல்ஃபில். வீட்டில் உட்கார்ந்து அட்டை கேட்க யார் இருக்கிறார்கள்? வீட்டை நம்பிப் போடும் திட்டம் வசதியுள்ள நாலு பிள்ளைகளுக்கு மட்டும் ஓடும்.

குறை இல்லாமல் இல்லை. அட்டை தொலையும். தப்பான பொருளை எழுதிவிட்டு அதையே உருப்போடும் பிள்ளை உண்டு, ஆகவே புது அட்டைகளை ஆசிரியர் ஒருமுறை புரட்டிப் பார்த்தே ஆக வேண்டும். நாற்பது பேருக்கு எட்டு அட்டை என்றால் 320. வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது போகும். மூன்றாவது மாதத்தில் ஒரு சலிப்பும் வரும். அந்த நேரத்தில் பெட்டிகளை வரிசைகளுக்குள் மாற்றிவிட்டுப் போட்டி வைத்தால் கொஞ்சம் உயிர் வரும். கவிதை நயம், வாக்கிய அமைப்பு இதெல்லாம் அட்டையில் வராது. அதை எதிர்பார்க்கவும் வேண்டாம்.

முன்னொட்டு, பின்னொட்டு

ஒரு சொல்லைப் பிடித்தால் நாலு சொல் கூட வரும் வழி இது. நீதி, அநீதி தெரிந்த பிள்ளைக்குக் கருத்து புதிதல்ல. பள்ளிப் புத்தக ஆங்கிலத்தில் முன்னொட்டுள்ள சொற்களைக் கணக்கெடுத்தபோது அன், ரீ, டிஸ், அப்புறம் இல்லை என்று பொருள் தரும் இன் (இம், இர், இல் என்று மாறுவதும் சேர்த்து) ஆகிய நாலு மட்டுமே 58 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டன என்று 1989இல் ஒயிட்டும் கூட்டாளிகளும் எழுதினார்கள். நாலே நாலு! பத்தாம் வகுப்புத் தாளின் ஒரு மார்க் கேள்விகளிலும் முன்னொட்டு, பின்னொட்டுக்கு இடமுண்டு. அறிவியலில் தெர்மோ, ஹைட்ரோ, போட்டோ என்று வருவதற்கும் உதவும்.

ஆனால் இதை ஆறாம் வகுப்பில் தொடங்க வேண்டாம். அடிச்சொல்லே தெரியாதவனுக்கு ஒட்டைக் கொடுத்து என்ன செய்ய? ஹேப்பி தெரிந்தால்தான் அன்ஹேப்பி. அரைகுறையாகக் கற்றால் 'அங்கிள்' என்பதிலும் அன் இருக்கிறதே என்று ஒருவன் எழுந்து நிற்பான். எட்டாம் வகுப்புக்கு மேல், அட்டைப் பெட்டியில் அடிச்சொற்கள் சேர்ந்த பிறகு, மாதம் ஓர் ஒட்டு என்று போனால் சரியாக இருக்கும்.

தினம் ஒரு சொல், செயலி, வீட்டிலேயே இருக்கும் சொல்

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மைக்கில் ஒருவர் வந்து இன்றைய சொல்லைச் சொல்லும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. சொல்லும் பிள்ளைக்கு மேடைக் கூச்சம் போகும். மற்றபடி வருடத்தில் 200 வேலை நாளுக்கு மேல், 200 சொல்லுக்கு மேல், ஒன்றுகூட இரண்டாம் முறை வராது. என் அளவுகோலில் கடைசி இடம் இதற்குத்தான். விட மனமில்லை என்றால், வாரம் முழுக்க ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாளுக்கொரு வாக்கியம் சொல்லலாம்.

செயலிகளில் அன்கி என்பது லைட்னர் பெட்டியின் கருத்தைக் கணினிக்குக் கொண்டுபோனது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். எந்த அட்டையை எப்போது காட்ட வேண்டும் என்று அதுவே கணக்குப் போடும். பதினொன்று, பன்னிரண்டு படிக்கும், கையில் சொந்த போன் உள்ள பிள்ளைக்கு நல்ல தேர்வு. ஏழாம் வகுப்புக்கு நான் சொல்ல மாட்டேன். வீட்டில் இருப்பது ஒரு போன், அது இரவு எட்டு மணிக்குத்தான் கைக்கு வரும், வந்தால் அட்டைக்கு முன்னால் ரீல்ஸ் வந்து நிற்கும்.

எதையும் வாங்காமலே கிடைக்கும் இன்னொரு இருப்பு பலர் கண்ணில் படுவதில்லை. பிள்ளைகள் தமிழ்ப் பேச்சிலேயே நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்களை வைத்திருக்கிறார்கள். கடற்கரைப் பிள்ளைக்கு ஹார்பர், ஆங்கர், ஐஸ் பிளான்ட் தெரியும். ரப்பர் பால்வெட்டுகிற வீட்டுப் பிள்ளைக்கு ஷீட், ரோலர், ஆசிட், லேடெக்ஸ் தெரியும். டென்ஷன், கேன்சல், பெண்டிங், அட்ஜஸ்ட் எல்லோருக்கும் தெரியும். சிக்கல் என்னவென்றால் ஒவ்வொன்றும் ஒரே பொருளில்தான் தெரியும். சொலூஷன் என்றால் சைக்கிள் பஞ்சர் ஒட்டும் பசை. பேலன்ஸ் என்றால் கண்டக்டர் தர வேண்டிய சில்லறை. கரண்ட் என்றால் மின்சாரம், கடல் நீரோட்டமும் அதே சொல் என்பது புதுச் செய்தி. அறிவியல் பாடத்தில் சொலூஷன் என்றால் கரைசல், கணக்கில் அதுவே தீர்வு. தெரிந்த சொல்லுக்கு இரண்டாவது பொருளைச் சேர்ப்பது புதுச் சொல்லை நுழைப்பதைவிடச் சுலபம். எழுத்துக்கூட்டும் உச்சரிப்பும் பாதி கைவசம் இருக்கிறது. ஆறாம் வகுப்பின் முதல் மாத அட்டைகளை இதிலிருந்தே எடுத்தால், ஆங்கிலம் வராது என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளையும் முதல் வாரத்திலேயே எட்டு அட்டைக்குச் சொந்தக்காரன்.

எந்த வகுப்புக்கு எது

ஆறு, ஏழில் என் தேர்வு அட்டைப் பெட்டி. கூடவே வாரம் ஒரு நாள் எளிய கதையை ஆசிரியர் உரக்க வாசிப்பது. அந்த வாரத்தின் எட்டுச் சொல்லில் இரண்டு மூன்று அந்தக் கதையில் வருமாறு பார்த்துக்கொண்டால் பெட்டிக்குள் இருந்தது வெளியே வந்து நடமாடும். நோட்டு இந்த வகுப்புகளில் தேவையே இல்லை என்பது என் கருத்து. தலைமையாசிரியர் நோட்டுத் திருத்தத்தைக் கேட்பார் என்றால் அட்டை வாக்கியங்களையே நோட்டிலும் எழுதவைத்துவிடலாம்.

எட்டு, ஒன்பதில் பெட்டி தொடரட்டும், ஒட்டுகள் சேரட்டும், கதையைப் பிள்ளையே வாசிக்கட்டும். இந்த இரண்டு வருடத்தைத்தான் நாம் அதிகம் வீணாக்குகிறோம். பரீட்சை அழுத்தம் இல்லாத காலம், சொல் இருப்பைப் பெருக்கக் கடைசி வாய்ப்பு. பத்துக்குப் போனதும் மாலையில் சிறப்பு வகுப்பு, மாதிரித் தேர்வு என்று ஆளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

பத்தாம் வகுப்பில் நிலைமை வேறு. முன் வருடங்களில் பெட்டி ஓடிய பிள்ளைக்குப் பாடநூலின் சினானிம், ஆன்டனிம் சொற்களை அட்டையாக்கிக் கொடுத்தால் போதும், ஜோடிகளை வேறு வேறு வாரத்தில். பெட்டியையே பார்க்காமல் பத்துக்கு வந்த பிள்ளைக்கு நோட்டும் மனப்பாடமும்தான் வழி, அந்த ஆறு மார்க்கை விட்டுக்கொடுக்க முடியாது. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு புதுச் சொல் எதையும் சேர்க்க வேண்டாம். ஏற்கெனவே உள்ளதைத் திரும்பக் கேட்பதற்கே நேரம் போதாது.

டியூஷன் சென்டர் நடத்துகிறவர்களுக்கு அட்டைப் பெட்டி இன்னும் வசதி. பதினைந்து இருபது பேர், வகுப்பு கலந்து இருப்பார்கள். ஆளுக்கொரு பெட்டி என்றால் ஆறாம் வகுப்பும் ஒன்பதும் ஒரே மேசையில் உட்கார்ந்து அவரவர் அட்டையைப் பார்க்கலாம், நீங்கள் பொதுவாக ஒரு பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஐந்து வகுப்பு எடுக்கிறேன், 200 பிள்ளைகளின் அட்டையை எப்போது பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு: ஒரே ஒரு வகுப்பில், முடிந்தால் ஏழில், தொடங்குங்கள். மற்ற வகுப்புகளில் நோட்டே இருக்கட்டும், ஆனால் பக்கத்தை நீளவாக்கில் மடிக்கச் சொல்லுங்கள். இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள், மடித்தால் பொருள் மறையும். வெள்ளிக்கிழமை பிரிவேளையின் கடைசி ஐந்து நிமிடம், பழைய பக்கங்களில் ஏதாவது ஒன்றைத் திறந்து, பொருளை மடித்து மறைத்து, கீழிருந்து மேலாகக் கேட்கச் சொல்லுங்கள். தப்பிய சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. மூன்று புள்ளி விழுந்த சொற்களை மட்டும் அடுத்த வாரம் கரும்பலகையில் நீங்கள் எழுதினால் போதும்.